ராணியின் பத்துக் கிலோ

எடை குறைப்பு அட்டவணை எதையும் நான் உங்களுக்காக எழுதி வைக்கவில்லை. இத்தனை கிலோ நாய்க்கு இத்தனை கலோரி என்ற கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கைப்பேசியில் தட்டினால் வந்துவிடும். முப்பது வருடம் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, போன வருடம் கிளினிக் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தவள் நான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சம் இருப்பது நான் சொதப்பிய கதைகள்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரே நாய் விஷயத்தில் தவறுமேல் தவறாகச் செய்து, கடைசியில் எப்படியோ கரை சேர்ந்த கதை.

நான் வேலையை ஆரம்பித்தது கிள்ளானில். அப்போது எங்கள் வாசலுக்கு வந்த நாய்கள் பெரும்பாலும் எலும்பும் தோலுமாக இருக்கும். குண்டு நாயைப் பார்த்தால் ‘நல்லா வளத்திருக்காங்க’ என்று நாங்களே மெச்சிக்கொள்வோம். காலம் மாறியது. நாய்கள் வாசலிலிருந்து வீட்டுக்குள் வந்தன, வீட்டுக்குள்ளிருந்து சோபாவுக்கு ஏறின. கிள்ளானில் எனக்கு மேலே இருந்த டாக்டர் ஒருவர், பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், இப்படிச் சொல்வார்: “குண்டு நாயைக் கொண்டு வர்றவங்க ஒண்ணு வெக்கத்தோட வருவாங்க, இல்லன்னா பெருமையோட வருவாங்க. எதுன்னு தெரியாம வாயைத் திறக்காத.”

நல்ல பேச்சுதான். ஆனால் தேவராஜ் அண்ணன் வெட்கத்தோடும் வரவில்லை, பெருமையோடும் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் நான் சொந்தமாகக் கிளினிக் வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை, துவாலைகள் ஏற்றும் சக்கர வண்டி ஒன்று உள்ளே வந்தது. அதற்குள் ஒரு பழுப்பு நிற நாய், பெரிய அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்ததுபோல் கிடந்தது. வண்டியைத் தள்ளி வந்தவர் அந்த வட்டாரத்துப் பூக்கடைக்காரர். வண்டியின் விளிம்பைப் பிடித்தபடி, மற்றக் கையில் வெள்ளைத் தடியோடு அறுபதைக் கடந்த ஒருவர் வந்தார். அவர்தான் தேவராஜ் அண்ணன், மூன்று சந்து தள்ளி மசாஜ் நிலையம் வைத்திருப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

நாய் எட்டு வயதுப் பெண் நாய். பெயர் ராணி. பின்னங்கால் ஒன்றை ஊன்ற முடியவில்லை. தொட்டுப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது, முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார் கிழிந்திருந்தது. தராசில் ஏற்றினோம். இருபத்தொன்பது கிலோ. அவளுடைய எலும்புவாகுக்குப் பத்தொன்பது போதும்.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். காலில் தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டிவரும், இந்த எடையோடு செய்தால் தைத்த காலும் தாங்காது, மற்றக் காலும் போய்விடும், முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் அத்தனையையும் பூக்கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“டாக்டர்,” என்றார் தேவராஜ் அண்ணன். “நாய் என்னோடது. இவரு வண்டி தள்ள வந்தவரு. எனக்குக் காது நல்லாவே கேக்கும் லா.”

என் உதவியாளர் கோமதி சட்டென்று திரும்பிக்கொண்டு மருந்து அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்கும்போதெல்லாம் அவள் அதைத்தான் துடைப்பாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “குண்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. சரியான நாய் எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க,” என்றார்.

என் கை பழக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் போனது. ஒல்லி நாய், சரியான நாய், குண்டு நாய் என்று மேலிருந்து வரைந்த படம். நல்லவேளையாகப் பாதியிலேயே கையை இறக்கிவிட்டேன். அவருடைய வலது கையைப் பிடித்தேன்.

“முஷ்டியை மூடுங்க அண்ணே. விரல் முட்டி மேல தடவிப் பாருங்க. விலா எலும்பு இப்படிக் குத்தினா நாய் ரொம்ப ஒல்லி. இப்பக் கையை விரிச்சு, புறங்கையைத் தடவுங்க. தோலுக்குக் கீழ எலும்பு தெரியுது, ஆனா குத்தல. இதுதான் சரி. இப்ப உள்ளங்கைப் பக்கம், விரலோட அடியில. அழுத்தினாத்தான் எலும்பு இருக்கிறதே தெரியும். இது குண்டு.”

அவர் மூன்றையும் தடவிப் பார்த்தார். பிறகு ராணியின் விலாவில் கையை வைத்தார். அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

“உள்ளங்கையாவது பரவாயில்ல. இங்க மெத்தை போட்டிருக்கு,” என்றார். கை மெதுவாக இடுப்புக்கு நகர்ந்தது. “இந்த எடத்துல ரெண்டு மெத்தை.”

நாற்பது வருடம் மனித உடம்புகளைப் பிசைந்த கை அது. நான் ஒரு நிமிடம் சொல்லிக்கொடுத்ததை அவர் அதற்குள் எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

“என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?”

“காலையிலயும் சாயங்காலமும் சோறு, வேக வச்ச கோழி, கொஞ்சம் கேரட்.”

“அதுல பாதி குடுங்க. ஆறு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்.”

அவ்வளவுதான். அன்று வரிசையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வேறு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. பாதி சோறு என்றால் கோழியும் பாதியாகும், ஒரு நாய்க்குத் தேவையான சத்தும் பாதியாகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. படித்திருந்தேன். நினைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ராணி வந்தாள். இருபத்தேழு. கோமதி கை தட்டினாள். நானும் மகிழ்ந்துபோய், “ரெண்டு கிலோ அண்ணே! இப்படியே போங்க,” என்றேன்.

அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ராணியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“டாக்டர், கொழுப்பு அப்படியேதான் இருக்கு. சதைதான் போயிருக்கு.”

“அதெல்லாம் இல்ல அண்ணே. தராசு பொய் சொல்லாது.”

“தராசு பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல. எது குறைஞ்சதுன்னு அது சொல்லலையே.”

இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது உங்கள் முன் வைத்தால், கையிலிருக்கும் வேலையைக் கீழே போட்டுவிட்டு நாயைத் தொட்டுப் பாருங்கள். நான் தொடவில்லை. வெளியே ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது. ‘சரி, இன்னும் நாலு வாரம் பார்ப்போம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தடியை எடுத்துக்கொண்டார்.

நாலு வாரம் கழித்து வந்தபோது இருபத்தெட்டரை.

இங்கேதான் நான் பெரிய தவறைச் செய்தேன். இந்தத் தொழிலில் நாம் எல்லோரும் ஒரு நாளாவது செய்கிற தவறு. எடை ஏறியிருந்தால் சொந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். பல தடவை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அதனால் சிரித்துக்கொண்டே, செல்லமாகத்தான் சொன்னேன்: “அண்ணே, மனசு கேக்கலையா? நடுவுல எதையாவது குடுத்துட்டீங்களா?”

“இல்ல.”

“பரவாயில்ல, சொல்லுங்க. எல்லாரும் செய்றதுதான். அது பாத்துட்டு நிக்கும்போது நமக்கும்...”

“அது எப்படிப் பாத்துட்டு நிக்கும்னு எனக்குத் தெரியாது டாக்டர்,” என்றார். குரல் உயரவில்லை. “நான் குடுக்கலன்னு சொன்னேன்.”

நான் விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. “பின்ன எப்படி அண்ணே ஒன்றரைக் கிலோ காத்துலயா வரும்?” என்று கேட்டேன்.

அவர் குனிந்து, ராணியின் கழுத்துப்பட்டையைத் தேடிக் கயிற்றை மாட்டினார். பூக்கடைக்காரரைக் கூப்பிட்டார். வண்டி வெளியே போனது. அடுத்த தேதி வாங்கவில்லை.

கோமதி தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவரு பொய் சொல்ற ஆளா எனக்குத் தெரியல டாக்டர். நீங்க கேட்டது அவருக்கு அசிங்கமாப் போச்சு.”

“நீ சும்மா இரு கோமதி.”

அவள் சும்மா இருந்தாள். நான்தான் பல நாள் சும்மா இருக்க முடியாமல் தவித்தேன். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று சந்துதான் தூரம். நடந்து போயிருந்தால் ஐந்து நிமிடம். போகவில்லை. கௌரவம்தான் காரணம், வேறு பெயர் சொல்லி மழுப்ப விரும்பவில்லை.

இரண்டு மாதம் கழிந்தது. மழையே இல்லாத நாட்கள். புகைமூட்டமும் சேர்ந்து நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. பகல் ஒரு மணி இருக்கும், பூக்கடைக்காரர் ஓடி வந்தார். “டாக்டர், ராணி விழுந்துட்டா. மூச்சு வாங்குது. அண்ணன் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

பையை எடுத்துக்கொண்டு நானும் கோமதியும் ஓடினோம்.

மசாஜ் நிலையத்தின் வாசலில், ஐந்தடி நடைபாதையில் ராணி பக்கவாட்டில் கிடந்தாள். நாக்கு கருஞ்சிவப்பாக வெளியே தொங்கியது. உடம்பு முழுவதும் ஈரத் துவாலைகளைப் போர்த்தியிருந்தார்கள். தேவராஜ் அண்ணன் தரையில் உட்கார்ந்து, அவள் தொடையின் உட்புறத்தில் இரண்டு விரலை வைத்திருந்தார்.

“நாடி ரொம்ப வேகமா ஓடுது. எண்ணவே முடியல,” என்றார்.

வெப்பமானியை வைத்தேன். நாற்பத்தொன்று புள்ளி நான்கு டிகிரி, முப்பத்தொன்பதை ஒட்டி இருக்க வேண்டியது. கோமதி வண்டியை இழுத்து வந்துவிட்டாள். “தூக்கிடலாமா டாக்டர்?”

தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் உடம்பு சொல்லும். கிளினிக்கில் எல்லாம் இருக்கிறது, மருந்து, பிராணவாயு, குளிர்சாதனம். ஆனால் அந்த வெயிலில் மூன்று சந்து கடப்பதற்குள் உள்ளே உறுப்புகள் வெந்துவிடும். “இல்ல. இங்கேயே குளிர வைப்போம். துவாலையை எல்லாம் எடு,” என்றேன். ஈரத் துவாலை சற்று நேரத்தில் சூடாகி, போர்வைபோல் வெப்பத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். துவாலைகளை உருவிப் போட்டோம். உள்ளேயிருந்து குழாயை இழுத்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் விட்டோம். பூக்கடைக்காரர் பெரிய மேசை விசிறியைக் கொண்டுவந்து நேராகத் திருப்பி வைத்தார்.

அந்த நேரத்தில்தான் சரோஜா டீச்சர் வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தோள் வலிக்காக வாரம் இரண்டு தடவை தேவராஜ் அண்ணனிடம் வருகிறவர். கையில் ஒரு பொட்டலம்.

“ஐயோ, ராணிக்கு என்ன ஆச்சு? காலையிலகூட நல்லாத்தானே சாப்பிட்டா!”

தேவராஜ் அண்ணன் தலையைத் திருப்பினார். “காலையில யாரு டீச்சர் சாப்பாடு குடுத்தா? நான் குடுக்கலையே.”

டீச்சர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“ரெண்டே ரெண்டு இட்லிதான்,” என்றார் டீச்சர்.

“தினமுமா?”

“நான் மட்டுமா குடுக்கிறேன்? எல்லாரும்தான். அந்த வங்கிக்காரத் தம்பி எண்ணெயில பொரிச்ச கறிபாப் குடுக்கும். எதிர்க்கடையில மிஞ்சின சோத்தைப் பொட்டலமாத் தப்பாவ் கட்டிக் குடுப்பாங்க. பாவம், வாசல்லயே கிடக்குதே...” பேசிக்கொண்டே வந்தவர், கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதன் அடியில் எண்ணெய் ஊறியிருந்தது.

நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். என் கையில் ராணியின் முதுகு இருந்தது. தண்ணீரில் ரோமம் படிந்து ஒட்டியிருந்ததால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பள்ளம், தொடைச் சதை வற்றி எலும்போடு ஒட்டியிருந்தது. அதே நேரம் விலாவிலும் இடுப்பிலும் கொழுப்பு அப்படியே மெத்தை மெத்தையாக. மூன்று மாதத்துக்கு முன் அவர் சொன்னது இதைத்தான். சதை போயிருந்தது. பிறகு ஏறியது எல்லாம் இட்லியும் கறிபாப்பும்.

இருபது நிமிடத்தில் வெப்பம் இறங்கியது. அளவுக்கு மேல் இறங்கிவிடாமல் தண்ணீரை நிறுத்தி, அவளைத் துடைத்து, வண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் நரம்பில் சலைன் ஏற்றினேன். சிறுநீரகம் தப்புமா என்று முதல் நாள் முழுக்க எனக்கு நிச்சயமில்லை. அதை அவரிடம் மறைக்கவும் இல்லை. ரத்தம் எடுத்தபோது தைராய்டையும் சேர்த்துப் பரிசோதித்தேன். குண்டாக வரும் நாய்க்கு முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. நல்லவேளை, அதில் கோளாறு எதுவும் இல்லை.

தேவராஜ் அண்ணன் இரண்டு நாளும் வேலை முடிந்ததும் வந்து கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். கம்பிக்குள் கையை விட்டு ராணியின் காதைப் பிடித்திருப்பார். இரண்டாம் நாள் மாலை அவள் எழுந்து நின்று தண்ணீர் குடித்தாள். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“அண்ணே, நீங்க ரெண்டு விஷயம் சொன்னீங்க. ரெண்டையும் நான் கேக்கல. நான் பேசினதும் தப்பு. மன்னிச்சிருங்க.”

அவர் ராணியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“எனக்கே சந்தேகம் இருந்துச்சு டாக்டர். சில நாள் அவ வாயில கறி வாசம் அடிக்கும். வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டேன். ‘நான் இல்ல அண்ணே, நான் இல்ல அண்ணே’ன்னு சொல்லிட்டாங்க. உள்ள நான் ஒருத்தர் முதுகுல கையை வச்சிருக்கேன். வாசல்ல என்ன நடக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்ககிட்ட வந்து ‘யாரோ குடுக்கிறாங்க, யாருன்னு தெரியல’ன்னு சொன்னா, நீங்க நம்புவீங்களா?”

நம்பியிருக்க மாட்டேன். அதையும் சொன்னேன்.

“அவங்க கெட்டவங்க இல்ல,” என்றார். “என்னைப் பாத்துப் பாவப்படுறாங்க. என் கையில எதையாவது குடுத்தா நான் திட்டுவேன்னு தெரியும். அதான் அவ வாயில குடுத்துட்டுப் போறாங்க.” கையை அவள் இடுப்புக்கு நகர்த்தி, “என்மேல இருக்கிற பாவம் எல்லாம் இவ இடுப்புல ஏறிடுச்சு,” என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் ஒரு நாய் ஏன் குண்டாகிறது என்பதற்கு நான் கேட்ட மிகச் சரியான விளக்கம் அது. எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டியிருக்காது.

மறுபடி தொடங்கினோம். எடை மறுபடியும் இருபத்தொன்பது. வீட்டுச் சோற்றை நிறுத்திவிட்டு, எடை குறைப்புக்கென்றே வரும் உணவைக் கொடுத்தேன். வயிறு நிறையும், சதை கரையாமல் புரதமும் கிடைக்கும். அவரிடம் பேசும் தராசு ஒன்று இருந்தது, எவ்வளவு வைத்தாலும் வாய்விட்டுச் சொல்லும் சமையலறைத் தராசு. தினமும் காலையில் அன்றைய முழு அளவையும் நிறுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வாசல் மேசையில் வைப்பார். யாருக்கு ராணிக்கு ஏதாவது கொடுக்க ஆசையோ, அவர்கள் டின்னிலிருந்து நாலு உருண்டை எடுத்துக் கொடுக்கலாம். டின் காலியானால் ராணி சாப்பிட்டாயிற்று. இது அவருடைய யோசனை. நான் ‘உணவளிக்காதீர்கள்’ என்று பலகை வைக்கச் சொன்னேன். “பலகையை யாரு படிப்பா? எல்லாருக்கும் குடுக்கணும். குடுக்கிறதுக்கு நம்மளே ஒரு வழி விட்டுருவோம்,” என்றார்.

முதல் சில வாரம் அமளி. திருட்டுத்தனமாகக் கொடுப்பது நிற்கவில்லை. ராணி வாயைத் திறந்தால் அவருக்கு வாசம் பிடிபட்டுவிடும். வாசலில் நின்று, “யாரோ நெத்திலி சம்பால் குடுத்திருக்கீங்க. யாருன்னு நான் கேக்கல. நாளைக்குக் குடுக்காதீங்க,” என்று சந்துக்கே கேட்கும்படி சொல்லுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சரோஜா டீச்சர் ஆட்டெலும்போடு வந்தார். நான் ராணியின் காலைப் பார்க்கப் போயிருந்தேன், அதனால் நேரில் கேட்டேன்.

“ஒரே ஒரு எலும்பு அண்ணே. வாயில்லாத ஜீவனுக்குக் குடுக்கிறது ஒரு குத்தமா?”

“டீச்சர், உங்களுக்கு என்மேல பாவமா இருந்தா என்கிட்டயே சொல்லுங்க. கேட்டுக்கிறேன். அதை அவ வயித்துல கொண்டுபோய் வைக்காதீங்க.”

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. எலும்பைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைய மசாஜும் வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. “பத்து வருஷப் பழக்கம் டாக்டர், போச்சு,” என்றார் தேவராஜ் அண்ணன். எனக்கு உறுத்தியது. ஒரு நாயின் எடைக்காக ஒரு மனிதர் தன் பத்து வருட உறவைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அட்டவணையில் எங்கே போட்டிருக்கிறது?

மூன்று வாரம் கழித்து டீச்சர் என் கிளினிக்குக்கு வந்தார். முகப்பு மேசைக்கு முன் நின்றுகொண்டு, “அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கக் கூடாது. சரி. வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க,” என்றார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. “அவர்கிட்டயே கேளுங்க டீச்சர்,” என்றேன்.

அவர் கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ராணியின் கயிறு டீச்சர் கையில். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையற்றவர்களுக்கென்று மஞ்சள் மேட்டுக் கற்கள் பதித்திருப்பார்கள். அவற்றின்மேல்தான் எல்லோரும் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள். நொண்டும் நாயைக் கூட்டிக்கொண்டு தேவராஜ் அண்ணன் அங்கே நடக்க முடியாது. டீச்சர் முதலில் பூக்கடை வரை, பிறகு சந்து முனை வரை, கால் தாங்கும் அளவுக்கு மெதுவாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். மோட்டார் சைக்கிள்காரர்களை அவர் திட்டிய திட்டு பள்ளிக்கூடத்தில் பழகிய திட்டு.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்த்தோம். ராணியின் அட்டையில் எடைக்குப் பக்கத்தில் கோடு போட்டு இன்னொரு பத்தி சேர்த்தேன். தலைப்பு: ‘தேவராஜ் கை’. தராசு என்ன சொல்கிறது, அவர் கை என்ன சொல்கிறது, இரண்டையும் எழுதினேன். இருபத்துநாலில் எடை அசையாமல் நின்றுவிட்டது. ஆறு வாரம் ஒரே எண். கோமதியும் சோர்ந்துபோனாள். சாப்பாட்டை இன்னும் குறைக்கலாமா என்று எனக்கும் கை துறுதுறுத்தது. அவரிடம் கேட்டேன்.

“முதுகு ரொம்பிட்டு வருது டாக்டர். தொடை கெட்டியாயிருக்கு. இடுப்புல ஒரு மெத்தைதான் பாக்கி. கொஞ்சம் பொறுங்க.”

பொறுத்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், சில சமயம் அதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும். எட்டாவது வாரம் எடை மறுபடி இறங்க ஆரம்பித்தது.

முழுதாகப் பதினோரு மாதம் ஆனது. பத்தொன்பது புள்ளி இரண்டு. பெட்டாலிங் ஜெயாவில் எலும்பு அறுவை செய்யும் டாக்டர் ஒருவர் ராணியின் காலைச் சரிசெய்தார். மயக்கத்திலிருந்து அவள் விழித்தபோது பக்கத்தில் தேவராஜ் அண்ணனும் டீச்சரும் இருந்தார்கள். எனக்கு அன்று கிளினிக்கில் வேலை. போனில் கேட்டுக்கொண்டேன்.

உங்களிடம் இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நாயின் வாய்க்குப் போகும் பாதையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டபின் வரும் பதிலை நம்புங்கள். நாயைத் தினமும் தொடுகிறவர் ‘என்னவோ மாறியிருக்கு’ என்று சொன்னால், வெளியே எத்தனை பூனை கத்தினாலும் நீங்களும் தொட்டுப் பாருங்கள். இவ்வளவுதான் நான் கற்றது. இதைக் கற்க எனக்கு ஒரு நாயைச் சாவின் வாசல் வரைக்கும் அனுப்ப வேண்டியிருந்தது.

அறுவை முடிந்து ஐந்து மாதம் இருக்கும். ஒரு நாள் காலை, கிளினிக் திறந்த கையோடு போன் வந்தது. தேவராஜ் அண்ணன்.

“டாக்டர், ராணி ஓடிட்டா!”

“என்னது?”

“ஓடிட்டா டாக்டர்! டீச்சர் கையிலேருந்து கயித்தைப் பிடுங்கிட்டு ஓடிட்டா!”

நானும் கோமதியும் கதவைக்கூடச் சரியாகப் பூட்டாமல் ஓடினோம். காலை நேரம், அலுவலகக் கார்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஹாரன் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நாலாவது சந்தில், நிறுத்தி வைத்திருந்த ஒரு லோரியின் முன்னால் ராணி நின்றுகொண்டிருந்தாள். லோரியின் கூரையில் ஒரு சாம்பல் பூனை உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. ராணி அண்ணாந்து பார்த்துக் குரைத்தாள். நாலு காலும் தரையில் ஒரேமாதிரி ஊன்றியிருந்தன. டீச்சர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

கயிற்றைப் பிடித்து எல்லோருமாகத் திரும்பி வந்தோம். தேவராஜ் அண்ணன் வாசலில் தடி இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ராணியின் நகச் சத்தம் கேட்டதும் குனிந்தார். முதலில் நாலு காலையும் தடவிப் பார்த்தார். பிறகு காதைப் பிடித்துத் திருகினார்.

“கழுதை. கார்ல அடிபட்டா என்ன ஆவுறது?”

“என் தப்புதான் அண்ணே,” என்றார் டீச்சர். “கயிறு நழுவிடுச்சு.”

அவர் நிமிர்ந்தார். உள்ளே ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார், அண்ணன் போகவில்லை.

“எவ்வளவு தூரம் போனா?”

“நாலு சந்து.”

“நடுவுல நின்னாளா?”

“எங்க நின்னா? என்னால பிடிக்கவே முடியல. ஒரே ஓட்டம்.”

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போகத் திரும்பியவர் வாசற்படியில் நின்றார்.

“ஒரே ஓட்டமா டீச்சர்?” என்று மறுபடியும் கேட்டார்.